கண்ணாடிக் கூட்டுக்கு ஒரு குரவை

பொலிஸ் வந்ததென்று உங்களுக்கு யார் சொன்னது, தங்கச்சி? கீழ் வீட்டு அக்காதானே. எனக்குத் தெரியும். அவர் காதில் ஒரு தும்மல் விழுந்தால் போதும், தெருமுனை டெப்பனர் கடைக்குப் போவதற்குள் அது ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும். பொலிஸும் வரவில்லை, என்னை யாரும் இழுத்துக்கொண்டு போகவும் இல்லை. ஐஸ் ஹொக்கி பார்க்கப் போன இடத்தில் எழும்பி வெளியே போகச் சொன்னார்கள். நானே எழும்பினேன், நானே நடந்தேன். அது மட்டும்தான் உண்மை. கதவைச் சாத்திவிட்டு இப்படி இருங்கள், குளிர் வருகிறது. அடுப்பில் பெரிய பானை இருக்கிறது, அதில் ஒரு கண் வைத்துக்கொண்டுதான் நான் கதைக்க வேண்டும்.

என் பேத்தியை உங்களுக்குத் தெரியும். நம் வெளிப்படிக்கட்டில் உங்களைக் கண்டால் பொன்ஜூர் சொல்லிவிட்டு இரண்டு இரண்டு படியாகப் பாய்ந்து ஓடுகிறவள். அந்தப் படிக்கட்டில் பனி உறைந்து கிடக்கும்போதும் அப்படித்தான் ஓடுவாள். நான் உப்புத் தூவித் தூவியே என் ஓய்வுக்காலம் போகிறது. டவுன்டவுனில் கல்லூரியில் படிக்கிறாள். அவள் ஹொக்கி விளையாடுகிறாள் என்று கீழ் வீட்டு அக்கா சொல்லித் திரிகிறார், அதுவும் பொய். சறுக்குச் சப்பாத்தைப் போட்டால் என் பேத்தி வேலியை விடமாட்டாள். அவளுடைய வேலை கத்துவது.

சிரிக்காதீர்கள். அவளுடைய கல்லூரியில் பெடியன்களின் ஹொக்கி ஆட்டம் என்றால் நிற்கவும் இடம் இருக்காதாம். பெண்பிள்ளைகளின் ஆட்டத்துக்குப் போனால் விளையாடுகிறவர்களின் தாய் தகப்பனும், கோப்பி விற்கிறவரும், வெறும் கதிரைகளும். அதைப் பார்த்து இவளுக்குப் பொறுக்கவில்லை. கூடப் படிக்கிற சிலரைக் கூட்டிக்கொண்டு போய், வலைக்குப் பின்பக்கம் ஒரு மூலையைப் பிடித்தாள். நின்றுகொண்டே பார்ப்பார்கள், பாட்டுக் கட்டிப் பாடுவார்கள், கவிழ்த்துவைத்த வாளியில் மேளம் அடிப்பார்கள், ஊதுகுழல் ஊதுவார்கள். போகப் போக அந்த மூலை நிரம்பிவிட்டது. வீட்டில் என் மகளுக்கு அது பிடிக்கவில்லை. "படிக்க அனுப்பின பிள்ள தொண்டையைக் குடுத்திட்டு வருது" என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சொல்வாள். பேத்தி பதில் சொல்லமாட்டாள். சொல்லத் தொண்டை இருந்தால்தானே.

பிறகுதான் நீலக் கோட்டுக்காரர் வந்தார். அந்த மைதானத்தில் ஒழுங்கு பார்க்கிற மனிதர். வாளியைப் பறித்துக்கொண்டு போனார், ஊதுகுழலையும் பறித்தார். அதோடு விடவில்லை. எதிர்த்தரப்பிலிருந்து இந்த மூலையைப் பற்றி முறைப்பாடு வந்துகொண்டிருக்கிறது, இப்படியே போனால் கயிறு கட்டி மூலையை மூடிவிடுவேன், நீங்கள் எல்லோரும் மற்றவர்களைப்போல அங்கொருவர் இங்கொருவராகப் போய் இருக்க வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். அன்று பேத்தி வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. அந்த மூலை அவள் கட்டின வீடு மாதிரி, தங்கச்சி. என் மகளுக்கு அது விளங்கவில்லை, எனக்கு விளங்கியது.

வாளி போன பிறகு வெறும் வாயாலேயே கத்தினார்கள். கத்திக் கத்தி அவள் தொண்டை முற்றாக அடைத்துவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை நான் கொத்தமல்லியும் வேர்க்கொம்புச் சுக்கும் அவித்து, பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு, நானும் வருகிறேன் என்று வெளிக்கிட்டேன். அவளால் வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை, குரல் இல்லை. செம்மஞ்சள் லைனில் ஏறிப் பச்சை லைனுக்கு மாறிப் போனோம். எழுத்துத் தெரியாவிட்டாலும் நிறம் தெரிந்தால் மெற்றோவில் எங்கேயும் போகலாம், நான் இத்தனை வருடமாக அப்படித்தான் போய்வருகிறேன்.

மைதானத்தின் வாசலில் ஒரு பலகை இருந்தது. எழுத்து நிறைய, கீழே படங்கள். மேளத்தின் படத்துக்குக் குறுக்கே சிவப்புக் கோடு, ஊதுகுழலுக்குக் குறுக்கே சிவப்புக் கோடு, போத்தலுக்குக் குறுக்கேயும் ஒன்று. நான் படம் எல்லாவற்றையும் வடிவாகப் பார்த்துவிட்டு, பிளாஸ்கைக் கோட்டுக்குள் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிக்கொண்டு போனேன்.

உள்ளே வெளியைவிடக் குளிர். மனிதர் காசு கொடுத்துக் குளிரில் போய் இருக்கிறார்கள் என்றால் பாருங்கள். பிள்ளைகள் அந்தக் கறுப்பு வட்டைத் துரத்திக்கொண்டு பறந்தார்கள். யார் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியவில்லை. ஒருத்தியை மட்டும் தெரிந்தது, நெட்டைப்பிள்ளை. வடக்கே எங்கேயோ மரமும் பனியும் மட்டும் உள்ள ஊரிலிருந்து படிக்க வந்தவள். பேத்தியோடு நம் வீட்டுக்கு வந்து என் புட்டையும் வாழைப்பழத்தையும் குழைத்துச் சாப்பிடுவாள். என்னை அம்மம்மா என்றுதான் கூப்பிடுவாள், பிரெஞ்சு வாயால் அதைக் கேட்க வேண்டும். அவள் தலைக்கவசத்துக்குள் இருந்தாலும் நெட்டை நெட்டைதானே. நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திடீரென்று விசில் அடித்தது. வரிச்சட்டை போட்டவர் நெட்டைப்பிள்ளையை நோக்கிக் கையைக் காட்டினார். அவள் ஓரமாகச் சறுக்கிப் போனாள். அங்கே கண்ணாடியால் அடைத்த ஒரு கூடு. ஒரு மனிதர் அவளுக்காகக் கதவைத் திறந்துவிட்டார். உள்ளே போய்த் தனியாக இருந்தாள். மற்றப் பிள்ளைகள் எல்லாம் எதிர்ப்பக்கத்தில் ஒரே நீட்டு வாங்குப் பலகையில் பஸ்ஸில் மாதிரி நெருக்கிக்கொண்டிருக்க, இவளுக்குத் தனி இடம், இவளுக்கென்று மேலே தனி மணிக்கூடு. சனம் முழுக்க எழும்பி நின்று சத்தம் போட்டது.

நீங்கள் சொல்லுங்கள், நம்முடைய ஆட்களில் ஒரு பெண்பிள்ளையைத் தனி ஆசனத்தில் எப்போது கொண்டுபோய் இருத்துவோம்? மணவறையில் இருத்துவோம். பெரியபிள்ளையானால் சாமத்திய வீட்டில் மண்டபம் பிடித்து, பூவால் கதிரை செய்து இருத்துவோம். நான் அதைத்தான் நினைத்தேன். நம் வீட்டில் சாப்பிட்ட பிள்ளைக்கு ஏதோ பெரிய மரியாதை நடக்கிறது, பார்த்துக்கொண்டு வாய் மூடி இருக்கலாமா? எழும்பிக் குரவை போட்டேன்.

உங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள் அரோகராவோடு விட்டுவிடுவீர்கள். மட்டக்களப்பில் அம்மன் வெளியே வந்தால் பெண்கள் குரவை போட வேண்டும். கலியாணம் என்றாலும் போட வேண்டும். நாக்கை வாய்க்குள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விசுக்கி, மூச்சு முடியும்வரை விடுவது. இங்கே கலியாணங்களில் நான் அடக்கித்தான் போடுவேன், மண்டபக்காரன் வந்து பார்ப்பான். அன்று அடக்கவில்லை. அந்தத் தகரக் கூரை குரவையை வாங்கித் திருப்பி எறிந்தது. மைதானம் அப்படியே அடங்கிவிட்டது. சறுக்கிக்கொண்டிருந்த பிள்ளைகளும் நின்று திரும்பிப் பார்த்தார்கள். பிறகு எங்கள் மூலையில் ஒரு சிரிப்புக் கிளம்பியது. கூட்டுக்குள் இருந்த நெட்டைப்பிள்ளை கையுறையால் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

நீலக் கோட்டுக்காரர் படியேறி வந்தார். நல்ல மரியாதையாகக் குனிந்து, மதாம் என்று தொடங்கி என்னவோ சொன்னார். பேத்தி எனக்குப் பக்கத்தில் நின்று காற்றுக் குரலில் மொழிபெயர்த்தாள்.

"விசிலைத் தரட்டாம், அம்மம்மா."

"எந்த விசில்?"

"நீங்க ஊதின விசில்."

"நான் ஒண்டும் ஊதயில்ல புள்ள. இவருக்கு வேணுமெண்டா பாக்கச் சொல்லு."

சொல்லிவிட்டு வாயைத் திறந்து காட்டினேன். அந்த மனிதர் உண்மையாகவே குனிந்து உள்ளே பார்த்தார், தங்கச்சி. அங்கே மிச்சம் இருக்கிற பல்லைத் தவிர அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. முகம் சிவந்துவிட்டது. மறுபடியும் என்னவோ சொன்னார்.

"வாசல்ல பலகை இருக்காம். அத வாசிக்கயில்லையா எண்டு கேக்கிறார்."

"எனக்கு எழுத்துத் தெரியாதெண்டு சொல்லு. படம் பாத்தனான். மேளம் இருக்கு, ஊதுகுழல் இருக்கு. வாய் இல்ல."

"அம்மம்மா, இதச் சொல்ல ஏலாது."

"சொல்லு மனே."

சொன்னாள். சுற்றி நின்ற பிள்ளைகள் கைதட்டினார்கள். போத்தலுக்கும் குறுக்குக் கோடு இருந்ததைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை, என் கோட்டுக்குள் பிளாஸ்க் சூடாகத்தான் இருந்தது. நீலக் கோட்டுக்காரர் என்னை விட்டுவிட்டுப் பேத்தியைப் பார்த்து மெதுவாகக் கதைத்தார். அவள் முகம் விழுந்துவிட்டது. அதை அவள் எனக்கு மொழிபெயர்க்கவில்லை.

மெற்றோவில் திரும்பி வரும்போதுதான் சொன்னாள். மல்லித் தண்ணீர் குடித்ததில் குரல் கொஞ்சம் திரும்பியிருந்தது, அந்தக் குரலை முழுக்க என்னை ஏசவே செலவழித்தாள்.

"அது மரியாத இல்ல அம்மம்மா. அது தண்டனக் கூடு. அவ மற்றப் பிள்ளைய தடக்கி விழுத்தினவ. அதுக்குத்தான் கொண்டுபோய் இருத்தினது."

"விழுந்த புள்ளைக்கு என்ன?"

"ஒண்டுமில்ல, எழும்பி விளையாடினவதானே."

"மறுகா என்ன?"

"மறுகா என்னவோ? எங்கட ஆள் தடக்கி விழுத்த, நாங்க கொண்டாடுறமெண்டு அவங்கட ஆக்கள் முறைப்பாடு சொல்லிட்டாங்க. இன்னும் ஒரு முறைப்பாடு வந்தா மூலைய மூடுறாராம். இதுதான் கடைசியாம்." பிளாஸ்க் மூடியைத் திருகி மூடிவிட்டுச் சொன்னாள்: "இனி நீங்க வராதீங்க, அம்மம்மா."

நான் ஜன்னலைப் பார்த்தேன். மெற்றோ ஜன்னலில் பார்க்க என்ன இருக்கிறது, என் முகம்தான். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அவள்மேல் இல்லை. ஒரு முறைப்பாட்டில் அவள் கட்டின மூலை போய்விடும், அது என்னால் போகக்கூடாது. சரி, வரவில்லை என்றேன்.

அப்படியே விட்டிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை நெட்டைப்பிள்ளை சாப்பிட வந்தாள். வந்தவள் புட்டைத் தொடாமல், என் எதிரே கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பேத்தியிடம் படபடவென்று கதைத்தாள். பேத்தி மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன சொல்றா?"

"ஒண்டுமில்ல."

"ஒண்டுமில்லாததுக்கு இவ்வளவு நேரமா?"

பேத்தி வேண்டாவெறுப்பாகச் சொன்னாள். அந்தக் கூட்டுக்குள் போய் இருந்தால் எதிர்ப்பக்கத்துச் சனம் முழுக்க ஏசுமாம். சொந்தப் பக்கம் வெட்கத்தில் பேசாமல் இருந்துவிடுமாம். கண்ணாடிக்குள் நேரம் போகவே போகாதாம். இத்தனை வருடம் விளையாடுகிறாள், தண்டனையில் இருக்கும்போது அவளுக்காக ஒரு ஆள் எழும்பினது அதுதான் முதல் முறையாம். அடுத்த ஆட்டத்துக்கு அம்மம்மா எங்கே இருப்பார் என்று கேட்கிறாளாம்.

"வீட்டில இருப்பனெண்டு சொல்லு," என்றேன்.

பேத்தி அதைச் சொல்லவில்லை. நெட்டைப்பிள்ளைக்குக் கறி போட்டுக் கொடுத்துவிட்டு எழும்பிப் போய்விட்டாள். அன்று பின்னேரம் குளியலறைக்குள்ளிருந்து தண்ணீர்க் குழாய் பழுதானது மாதிரி ஒரு சத்தம் கேட்டது. என் மகள் பிளம்பரைக் கூப்பிடப் போனாள். நான் வேண்டாம் என்றேன். எனக்கு அது என்ன சத்தம் என்று தெரியும். நாக்கு இன்னும் விசுக்க வரவில்லை, அவ்வளவுதான். அடுத்த வெள்ளிக்கிழமை பேத்தி என் கோட்டை எடுத்து வந்து கதவடியில் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் கோட்டுக் கைக்குள் கையை விட்டேன்.

அன்று எதிர்த்தரப்பு பஸ் பிடித்துச் சனம் கொண்டுவந்திருந்தது. அந்தப் பக்கம் கடல் மாதிரி இரைச்சல். எங்கள் மூலை பயத்தில் அடங்கிக் கிடந்தது. பாட்டும் மெல்ல, கைதட்டலும் மெல்ல, ஆஸ்பத்திரியில் பிறந்தநாள் கொண்டாடுகிற மாதிரி. நீலக் கோட்டுக்காரர் கீழே நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார், ஆட்டத்தைப் பார்க்கவில்லை.

நெட்டைப்பிள்ளை மறுபடியும் கூட்டுக்குள் போனாள். அவளுக்கு நெட்டைக் கால், யாராவது தடக்குப்படத்தானே செய்வார்கள். எதிர்ச்சனம் ஏசத் தொடங்கியது. அவள் உள்ளே இருந்துகொண்டு எங்கள் மூலையை நிமிர்ந்து பார்த்தாள். மட்டையால் கண்ணாடியைத் தட்டினாள். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் தட்டினாள்.

என் நாக்கு வாய்க்குள் துடித்தது, பொய் சொல்லவில்லை. ஆனாலும் நான் பேத்தியைத்தான் பார்த்தேன்.

"இது உன்ட மூல. மூடுறதெண்டாலும் உன்டதான் மூடுபடும். நீ சொல்லு."

அவள் நீலக் கோட்டைப் பார்த்தாள். கூட்டைப் பார்த்தாள். கம்பளித் தொப்பியைக் கழற்றிப் பையில் வைத்தாள்.

"போடுங்க, அம்மம்மா."

"மூடினா?"

"மூடட்டும். தண்டனையில இருக்கிறவளுக்கு வாய் திறக்க ஏலாத மூல எனக்கென்னத்துக்கு? போடுங்க."

நான் போட்டேன். மூச்சை எடுக்க நிறுத்தினபோது பார்த்தால், குரவை நிற்கவில்லை. பேத்தி போடுகிறாள். அவளுக்குப் பின்னால் அந்த மூலை முழுக்கப் போடுகிறது. என் முதல் நாள் குரவையைப் போனில் பதிந்து பகிர்ந்து வைத்திருந்தார்களாம், எனக்குத் தெரியாமல் ஒரு கிழமையாகப் பழகியிருக்கிறார்கள். சிலதுகள் ஆட்டுக்குட்டி மாதிரிக் கத்தின, ஒரு தாடிக்காரப் பெடியனுக்கு நாக்கு ஓடாமல் விரலால் உதட்டை அடித்துக்கொண்டிருந்தான். குரவை என்று அதைச் சொல்லலாமா என்று மட்டக்களப்பில் கேட்டால் அடிக்க வருவார்கள். ஆனால் சத்தம், தங்கச்சி, அந்தத் தகரக் கூரை தூக்கிக்கொண்டு போகப் பார்த்தது. எதிர்ப்பக்கத்து இரைச்சல் எங்கே போனதென்றே தெரியவில்லை. வாங்கில் இருந்த எங்கள் பிள்ளைகள் மட்டையால் பலகையில் அடித்தார்கள். நெட்டைப்பிள்ளை கண்ணாடிக்குள் எழும்பி நின்றாள்.

நீலக் கோட்டுக்காரர் ஓடி வந்தார். யார் தொடங்கினது என்று கேட்டார். பேத்தி நான் என்றாள். தாடிக்காரன் நான் என்றான். அந்த மூலையில் கை தூக்காத ஆள் இல்லை. அவர் எல்லோரையும் பார்த்துவிட்டுக் கடைசியில் என்னைத்தான் பிடித்தார், நரைத்த தலை ஒன்றுதானே அங்கே இருந்தது. என்னை வெளியே போகச் சொன்னார். பேத்தி எதிர்த்துக் கதைக்கப் போனாள். நான் கையைப் பிடித்து இருத்தினேன்.

"நீ நில்லு. மூலைய ஆரு பாக்கிற? நான் போறன்."

போனேன், ஆனால் அவருடைய அவசரத்துக்குப் போகவில்லை. சால்வையைச் சுற்றினேன். கையுறை போட்டேன். முழங்காலுக்கு ஏற்ற மாதிரி ஒவ்வொரு படியாக இறங்கினேன். ஒவ்வொரு படிக்கும் பின்னாலிருந்து குரவை. என் கலியாணத்துக்குக்கூட இவ்வளவு குரவை விழவில்லை. கீழே எதிர்த்தரப்பு வாங்கின் பக்கமாகத்தான் வழி. அங்கே சிவப்புச் சட்டை போட்ட ஒரு பிள்ளை என்னைப் பார்த்து நாக்கை ஆட்டிக் காட்டினாள். நான் பகிடி பண்ணுகிறாள் என்று நினைத்தேன். இல்லை, அவளும் போட்டுப் பார்க்கிறாள். "உள்ளுக்க விசுக்கு புள்ள, வெளிய இல்ல," என்று தமிழிலேயே சொல்லிவிட்டு நடந்தேன்.

தோற்றோம். அதை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை பாருங்கள், எனக்கும் யாரும் சொல்லவில்லை, நானாகக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

மூலை என்னவானது என்றால், முறைப்பாடு வந்தால் மூடுவேன் என்றுதானே அவர் சொல்லியிருந்தார். ஆட்டம் முடிந்த கையோடு எதிர்த்தரப்பிடம் போய்க் கேட்டிருக்கிறார், முறைப்பாடு இருக்கிறதா என்று. அந்தப் பிள்ளைகள் நின்று குரவை பழகிக்கொண்டிருந்தார்களாம். இல்லை என்றார்களாம். அவரிடம் மிஞ்சினது அவருடைய சொந்தக் கோபம் மட்டும்தான். வாசலில் என்னிடம் வந்தார். மூலை இருக்கட்டும், நீங்கள் இனி வரக்கூடாது என்று பேத்தியைக் கொண்டு சொல்வித்தார். நான் கையுறையைக் கழற்றி, விரலால் அந்தப் பலகையைக் காட்டினேன். மேளம். ஊதுகுழல். பிறகு என் வாயைத் தொட்டுக் காட்டி, பலகையில் தேடுகிற மாதிரித் தேடினேன். அவரும் குனிந்து பலகையைப் பார்த்தார். அடுத்த ஆட்டத்துக்குள் வாய்ப் படமும் போட்டுவிடுவேன் என்றாராம்.

போடட்டும். வாயின் படத்தைக் கீறி அதற்குக் குறுக்கே சிவப்புக் கோடு போட்டால், அங்கே உருளைக்கிழங்குப் பொரியல் தின்கிறவனும் வாயை மூடத்தானே வேண்டும். கோப்பி விற்கிறவர் முதல் ஆளாகச் சண்டைக்கு வருவார். நாளைக்கு வெள்ளிக்கிழமை, நான் போகிறேன். வாசலில் நின்று மறித்தால் வாசலில் நின்று போடுவேன், அந்தக் கதவு ஒன்றும் அவ்வளவு தடிப்பில்லை, உள்ளே கேட்கும். என் மகளும் இம்முறை வருகிறாளாம், பிளம்பரைக் கூப்பிடப் போனவள்.

நீங்களும் வாருங்களேன். உங்கள் வீட்டுப் பெரிய பிளாஸ்கையும் கொண்டுவாருங்கள், மல்லித் தண்ணீர் அந்த மூலை முழுக்கக் குடிக்கக் காண வேண்டும், கோட்டுக்குள் வைத்தால் ஒருவரும் பார்க்கமாட்டார்கள். யாழ்ப்பாணத்து ஆளுக்கு வராது என்று ஒன்றும் இல்லை, பிரெஞ்சுக்காரப் பிள்ளைகளுக்கே வந்துவிட்டது. இப்போதே பாருங்கள், வாயைக் கொஞ்சம் திறந்து, நாக்கின் நுனியை மடிக்காமல், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், நான் போடுகிறேன், நீங்கள் பின்னால், ஐயோ, பானை பொங்குகிறது, அந்தத் துணியை எடுங்கள், அடுப்பைக் குறையுங்கள், மல்லி முழுக்க வெளியே வருகிறது.